பல் செட்டுக்குக் காதில் அளவெடுத்த கதை: ஃபேஸ்போவின் வரலாறு

அம்மாவுக்கு இது இரண்டாவது பல் செட். முதல் செட் சில வருடங்களுக்கு முன்னால் வேறு ஓர் இடத்தில் கட்டியது. அது அவர் வாயில் இருந்ததைவிட, சமையலறை அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தண்ணீரில் கிடந்த நாட்களே அதிகம். கல்யாணம், காதுகுத்து என்றால் எடுத்துப் போட்டுக்கொள்வார். பந்தியில் உட்கார்ந்ததும் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். "போட்டாப் பேச வருது, திங்க வரமாட்டீங்குது" என்பதுதான் அவர் சொன்ன குறை.

இந்தத் தடவை ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். மேற்படிப்பு படிக்கும் பெண் டாக்டர் ஒருவர் பல நாள் வரச் சொல்லி அளவெல்லாம் எடுத்தார். அதில் ஒரு நாள், மெழுகு ஒட்டிய முள்கரண்டி மாதிரியான ஒரு தகட்டை அம்மாவின் வாய்க்குள் வைத்தார். பிறகு லாடம் மாதிரி வளைந்த ஒரு பெரிய உலோகச் சட்டத்தை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து, அதன் இரண்டு முனைகளையும் இரண்டு காதுத் துவாரங்களில் செருகினார். கண்ணுக்குக் கீழே இன்னொரு குச்சி. எல்லாவற்றையும் இறுக்கி, அப்படியே மொத்தமாகக் கழற்றி எடுத்தார். அம்மா அதுவரை பொறுத்திருந்து கேட்டார்: "ஏனுங்க டாக்டரம்மா, பல்லுக்குத்தானுங்களே வந்தோம்? காதுல எதுக்குங்க மாட்டுனீங்க?"

டாக்டர் சிரித்துவிட்டு, "உங்க தாடை எந்த எடத்துல திரும்புதுன்னு பாக்கோணுமில்லீங்கம்மா" என்றார்.

தாடை திரும்பும் இடம் என்ற அந்தச் சொல் என் மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. அந்தக் கருவியின் பெயர் ஃபேஸ்போ. தமிழில் சொன்னால் முக வில். அடுத்த சில மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளை அதன் பின்னால் போய்ச் செலவழித்தேன். நான் பல் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். ஆனால் இந்தக் கருவியின் கதை எனக்கு ரொம்பப் பழக்கமான ஒரு சண்டையின் கதையாக இருந்தது. எல்லோருக்கும் ஒரே அளவு போதுமா, ஆளுக்கு ஆள் தனியாக அளக்க வேண்டுமா என்ற சண்டை. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

கதவும் கீலும்

முதலில் பிரச்சினை என்ன என்று பார்த்துவிடலாம். சுட்டுவிரலைக் காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் வைத்து வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஒரு குமிழ் அசைவது தெரியும். அது கீழ்த்தாடை எலும்பின் மேல் முனை. இடது, வலது என்று இரண்டு குமிழ்கள். ஒரு கதவுக்கு இரண்டு கீல் மாதிரி.

ஆனால் இது வெறும் கதவுக் கீல் இல்லை. வாயை அகலத் திறந்தால் குமிழ் இருந்த இடத்தைவிட்டு முன்னால் வழுக்கிப் போகும். தாடையைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு கொஞ்சமாகத் திறக்கும்போது மட்டும், முன்பற்களுக்கு இடையே சுமார் 20 மி.மீ. திறக்கும் வரை, அது ஏறக்குறைய சுத்தமான சுழற்சி. இதையும் தாடை போகக்கூடிய மற்ற எல்லைகளையும் ஸ்வீடனின் உல்ஃப் பொசெல்ட் 1952-ல் விரிவாக அளந்து காட்டினார். இரண்டு குமிழ்களையும் இணைத்து மண்டைக்குக் குறுக்கே ஒரு கம்பி செருகியதாகக் கற்பனை செய்துகொண்டால், அந்தக் கம்பிதான் சுழல் அச்சு. டாக்டர் சொன்ன 'தாடை திரும்பும் இடம்'.

பல் செட் செய்பவர் முன்னால் அம்மா உட்கார்ந்திருக்க மாட்டார். அவர் மேஜையில் இருப்பவை மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று என இரண்டு பிளாஸ்டர் மாதிரிகள். இரண்டையும் ஆர்ட்டிகுலேட்டர் என்ற ஒரு சட்டத்தில் பொருத்துவார்கள். வாயைப் போலத் திறந்து மூடும் பொம்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெழுகைக் கடிக்க வைத்து எடுத்த அளவு, கீழ் மாதிரி மேல் மாதிரியோடு எப்படிச் சேர வேண்டும் என்று சொல்லிவிடும். சேர்ந்த இந்த ஜோடி, பொம்மையின் கீலிலிருந்து எவ்வளவு தூரத்தில், எவ்வளவு சாய்வில் உட்கார வேண்டும்? அதை மெழுகு சொல்லாது.

தூரம் மாறினால் என்ன? காம்பஸ் வைத்து வட்டம் போட்டவர்களுக்குத் தெரியும். ஆரம் மாறினால் வளைவு மாறும். அம்மாவின் கடைவாய்ப்பல் ஒரு வளைவில் ஏறி வந்து மோதுகிறது. பொம்மையில் அதே பல் வேறொரு வளைவில் வருகிறது. மேஜையில் கச்சிதமாகப் பொருந்திய பல் வாய்க்குள் போனதும் முன்னே பின்னே இடிக்கும்.

என் தொழில் பாஷையில் சொன்னால், பிளாஸ்டர் மாதிரிக்கு ஓர் ஆய அச்சு முறை, மண்டைக்கு வேறொன்று. ஃபேஸ்போ செய்வது ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றுவது. இரண்டு காது, கண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி. மூன்று புள்ளிகள் கிடைத்தால் ஒரு தளம் கிடைத்துவிடும். அந்தத் தளத்தை வைத்து மேல் மாதிரியைப் பொம்மைக்குள் அதன் இடத்தில் உட்கார வைக்கிறார்கள். காதையும் கண்குழியின் கீழ் விளிம்பையும் இணைக்கும் இந்தத் தளம்கூடப் பல் டாக்டர்கள் கண்டுபிடித்தது இல்லை. மண்டை ஓடுகளை ஒரே மாதிரி நிறுத்தி அளப்பதற்காக ஜெர்மானிய மானிடவியல் அறிஞர்கள் 1882-ல் பிராங்க்ஃபர்ட்டில் கூடி ஒத்துக்கொண்டது. பெயரே பிராங்க்ஃபர்ட் தளம்.

எல்லோருக்கும் நாலு அங்குலம்

வாய்க்கு மெழுகில் அளவெடுத்து பிளாஸ்டரில் மாதிரி வார்க்கும் முறையை எழுதி வைத்தவர் பிலிப் பாஃப். பிரஷ்ய அரசர் மகா ஃபிரெடரிக்கின் பல் மருத்துவர். அவர் நூல் வந்தது 1756-ல். மேல், கீழ் மாதிரிகளைப் பின்பக்கம் பிளாஸ்டராலேயே நீட்டி ஒன்றோடொன்று பொருந்தச் செய்யும் முறை, 1805-ல் வந்த பிரெஞ்சுப் பல் மருத்துவர் கேரியோவின் நூலோடு சேர்த்துப் பேசப்படுகிறது. அதற்குப் பின் சாதாரண உலோகக் கீல் வைத்த சட்டங்கள் வந்தன. ஆங்கிலத்தில் இவற்றுக்குக் கொட்டகைக் கதவுக் கீல் என்றே ஒரு கேலிப் பெயர் உண்டு. திறக்கும், மூடும். அவ்வளவுதான்.

அதுவரை இது பணக்காரர்களின் பிரச்சினை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இரண்டு விஷயங்கள் நிலைமையை மாற்றின. 1846-ல் பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஈதர் மயக்க மருந்தைப் பொதுவில் செய்து காட்டினார். வலியில்லாமல் பல் பிடுங்கலாம் என்று ஆனது. 1850களில் வல்கனைட் என்ற கெட்டி ரப்பர் பல் செட்டுக்கு வந்தது. தங்கத்திலும் தந்தத்திலும் செய்ததை மலிவாக வார்க்கலாம் என்று ஆனது. பல்லைப் பிடுங்கிக்கொள்பவர்களும் செட் கட்டிக்கொள்பவர்களும் பெருகினார்கள். அப்போதுதான், கட்டிய செட்டை வைத்து மெல்ல முடிகிறதா என்ற கேள்வி பெரிதாக எழுந்தது.

இங்கேதான் வில்லியம் பான்வில் வருகிறார். அமெரிக்கப் பல் டாக்டர், விதவிதமாகக் கருவி செய்வதில் ஆர்வம் உள்ளவர். பல் குழிக்குள் தங்கம் அடைப்பதற்கு மின்காந்தச் சுத்தியல் செய்தவரும் இவர்தான். நிறைய மண்டை ஓடுகளையும் தாடைகளையும் அளந்து ஒரு முடிவுக்கு வந்தார். இரண்டு குமிழ்களுக்கும் இடையே உள்ள தூரம் 4 அங்குலம். ஒவ்வொரு குமிழிலிருந்தும் கீழ் முன்பற்களின் நடுப்புள்ளிக்கும் அதே 4 அங்குலம். ஆக, சமபக்க முக்கோணம், பக்கத்துக்குச் சுமார் 10 செ.மீ. இந்தக் கணக்கை வைத்து 1858-ல் ஓர் ஆர்ட்டிகுலேட்டரும் செய்தார்.

கதவுக் கீலோடு ஒப்பிட்டால் இது பெரிய பாய்ச்சல். பொம்மையின் கீல் முதல் தடவையாக மனிதத் தாடையின் அளவுக்கு வந்தது. பான்வில் கருவியில் தாடை பக்கவாட்டிலும் நகரும். ஆனால் எல்லோருக்கும் ஒரே நாலு அங்குலம். நாங்கள் இதை ஹார்ட்கோட் செய்வது என்போம். புரோகிராமுக்குள் நேரடியாக ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போய்விடுவது. பெரும்பாலானவர்களுக்கு ஓடும். ஓடாத ஒருவர் வரும்போது, தப்பு எங்கே என்று தேடுபவருக்கு அந்த எண் கண்ணிலேயே படாது.

அளந்து எடுத்துப் போனவர்கள்

பான்வில் முக்கோணத்தில் இன்னோர் ஓட்டை உண்டு. முக்கோணம் தூரத்தைச் சொல்கிறது, சாய்வைச் சொல்வதில்லை. இங்கிலாந்தின் பிளிமத் ஊரைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் பால்க்வில் 1866-ல் இதை எடுத்தார். குமிழ்களிலிருந்து முன்பல்லுக்குப் போகும் தளத்துக்கும், பற்கள் கடிக்கும் தளத்துக்கும் இடையே உள்ள கோணத்தை அளக்க ஒரு கருவி செய்து லண்டன் பல் மருத்துவச் சங்கத்தில் காட்டினார். சராசரி 26 பாகை. ஆளைப் பொறுத்து 22-லிருந்து 30 வரை போகும் என்றார்.

அந்த 22-லிருந்து 30 எனக்கு முக்கியமாகப் பட்டது. சராசரியைச் சொன்னவர், கூடவே அது எவ்வளவு மாறும் என்பதையும் சொல்லிவிட்டார். ஆனால் பின்னால் வந்த பாடப்புத்தகங்களில் 26 நிலைத்த அளவுக்கு அந்த வீச்சு நிலைக்கவில்லை. இன்றும் சராசரி மதிப்பு ஆர்ட்டிகுலேட்டர்கள் பான்வில் முக்கோணத்தையும் பால்க்வில் கோணத்தையும் வைத்துத்தான் செய்யப்படுகின்றன.

1880-ல் அமெரிக்காவில் ரிச்மண்ட் ஹேய்ஸ் ஒரு காலிப்பர் கொண்டுவந்தார். குமிழ்களிலிருந்து முன்பல் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை அந்த நோயாளியிடமே எடுத்து ஆர்ட்டிகுலேட்டருக்குக் கொண்டு போவதற்கான கருவி. 1896-ல் வில்லியம் வாக்கர் முகத்தில் மாட்டும் ஒரு கோணமானியைச் செய்தார். அது குமிழ் வழுக்கிச் செல்லும் பாதையின் சரிவையே அளந்தது. சூரிச்சில் ஆல்ஃபிரட் கீசியும் குமிழின் பாதையைப் பதிவதில் இறங்கியிருந்தார். கருவிகள் வேறு வேறு. எண்ணம் ஒன்றுதான்: எண்ணைப் புத்தகத்திலிருந்து எடுக்காதே, ஆளிடமிருந்து எடு.

இதை எல்லா டாக்டரும் செய்யக்கூடிய அளவுக்கு எளிமையாக்கியவர் ஜார்ஜ் ஸ்னோ. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்துக்காரர். அங்குள்ள பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பள்ளியின் டீனாகவும் இருந்தார். 1899 வாக்கில் அவர் கொண்டுவந்த ஃபேஸ்போதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் முன்மாதிரி. முகத்தைச் சுற்றி வரும் ஒரு உலோக வில். இரண்டு முனையிலும் அளவுக்கோடு போட்ட, உள்ளே வெளியே நகரும் கம்பிகள். காதுக்கு முன்னால் குமிழ் இருக்கும் இடத்தைத் தோலில் குறித்துக்கொண்டு கம்பி முனையை அங்கே வைக்க வேண்டும். வில்லின் நடுவில் ஒரு கவ்வி. மேல்தாடையின் மெழுகில் செருகிய கரண்டி அந்தக் கவ்வியில் இறுகும். மொத்தத்தையும் கழற்றி, கம்பி முனைகளை ஆர்ட்டிகுலேட்டரின் கீல் முனைகளில் மாட்டினால், மேல்தாடை மாதிரி தன் இடத்தில் தொங்கும். பிளாஸ்டர் ஊற்றிவிட வேண்டியதுதான்.

ஒரு எண்ணையும் எழுத வேண்டாம், ஒரு கணக்கும் போட வேண்டாம். அளவு வில்லுக்குள்ளேயே பயணம் செய்கிறது. தச்சர் ஜன்னலுக்கு டேப் பிடிக்காமல் ஒரு குச்சியை வெட்டி அளவாக எடுத்துப் போவாரே, அதே யுக்தி.

கீலைத் துரத்தியவர்கள்

ஸ்னோவின் முறையில் குமிழ் இருக்கும் இடத்தை வெளியிலிருந்து உத்தேசமாகத்தான் குறித்தார்கள். உள்ளே இருக்கும் அச்சு தோலில் போட்ட புள்ளிக்கு நேராகத்தான் இருக்கும் என்று யார் சொன்னது?

கலிபோர்னியாவின் பெவர்லி மெக்கல்லம் 1921 வாக்கில் இதற்கு ஒரு வழி கண்டார். வில்லை மேல்தாடையில் மாட்டாமல், கீழ்ப்பற்களோடு அசையாதபடி கட்டிவிட்டார். இப்போது தாடை அசைந்தால் வில்லும் அசையும். நோயாளியை வாயைச் சிறிதாகத் திறந்து மூடச் சொல்லிவிட்டு, காதருகே உள்ள கம்பி முனையைப் பார்க்க வேண்டும். முனை ஒரு சிறிய வளைவு போட்டால் அது அச்சின்மேல் இல்லை. கொஞ்சம் மேலே, கொஞ்சம் பின்னே என்று திருகித் திருகி நகர்த்தினால் ஒரு கட்டத்தில் முனை இடம் மாறாமல் நின்ற இடத்திலேயே சுழலும். அதுதான் அச்சு. டீபக் செய்து பழகியவர்களுக்கு இந்தப் பொறுமை புரியும்.

1926-ல் மெக்கல்லமும் நண்பர்களும் கலிபோர்னியாவில் இதற்கென்றே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். தாடை அசைவைப் பற்றிய படிப்புக்கு நாத்தாலஜி என்று பெயர் வைத்தார்கள். மெக்கல்லமும் சார்லஸ் ஸ்டூவர்ட்டும் சேர்ந்து 1955-ல் தங்கள் ஆராய்ச்சி அறிக்கையை வெளியிட்டார்கள். இந்தப் பள்ளியைச் சேர்ந்தவர்களின் தீவிரத்துக்கு ஓர் உதாரணம்: கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த அச்சுப் புள்ளி அடுத்த தடவை தொலைந்து போகக் கூடாது என்பதற்காக, நோயாளியின் கன்னத்தில் அந்த இடத்தில் சின்னதாகப் பச்சை குத்தி வைத்தார்கள். நிஜமாகவே பச்சை.

எதிர்க் குரலும் உடனே எழுந்தது. 1920களின் இறுதியிலேயே ஸ்டான்ஸ்பெரி என்பவர், ஃபேஸ்போவால் பயனே இல்லை என்று எழுதினார். திறக்கும்போது பற்கள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. தொடாத நேரத்து வளைவைத் துல்லியமாகப் பிடித்து என்ன ஆகப்போகிறது என்பது அவர் வாதம். 1952-ல் கிராடக்கும் சிம்மன்ஸும், உத்தேசப் புள்ளியிலிருந்து உண்மையான அச்சு சில மி.மீ.க்கு மேல் தள்ளிப் போகாது, அதைத் துரத்துவது ஏட்டுச் சுரைக்காய்தான் என்ற பொருளில் எழுதினார்கள். அதற்கு முந்தைய வருடம் கர்த், ஃபைன்ஸ்டைன் இருவரும் ஓர் ஆர்ட்டிகுலேட்டரை வைத்தே சோதித்து, சுமார் 2 மி.மீ. வட்டாரத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட புள்ளிகள் அச்சு போலவே நடந்துகொள்வதைக் காட்டினார்கள். அதாவது, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறைக்கே ஓர் எல்லை உண்டு.

ஓர் இஞ்சினியர் உள்ளே வருகிறார்

இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் நிற்பவர் எனக்குப் பிடித்த ஆள். ருடால்ஃப் ஹனாவ். பல் டாக்டர் இல்லை, இஞ்சினியர். இருந்ததும் ஸ்னோவின் அதே பஃபலோ நகரம். 1920களில் ஆர்ட்டிகுலேட்டர் வடிவமைப்பில் இறங்கினார். நம் ஊர் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இன்றைக்கு ஹனாவ் என்ற பெயர் ஆர்ட்டிகுலேட்டருக்கு இன்னொரு பெயர் மாதிரியே புழங்குகிறது.

இஞ்சினியர் என்பதால் எல்லாவற்றையும் மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். இல்லை. குமிழின் பக்கவாட்டுக் கோணத்தைத் தனியாக அளப்பதற்குப் பதில், முன்புறச் சரிவின் கோணத்தை 8-ஆல் வகுத்து 12-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு சூத்திரம் கொடுத்தார். அளவுக்குப் பதில் மறுபடியும் ஒரு சராசரி! ஆனால் தெரிந்தே வைத்த சராசரி. அதற்குக் காரணமும் சொன்னார். பல் செட் உட்கார்ந்திருப்பது கல்லின்மேல் அல்ல, ஈறின்மேல். ஈறு அமுங்கும், நகரும், ஆளுக்கு ஆள் மாறும். இந்த விளைவுக்கு 'ரியலெஃப்' என்று ஒரு பெயரையே உண்டாக்கினார். பொம்மை இரும்பு. வாய் சதை. இரும்பில் எவ்வளவு துல்லியம் கொண்டுவந்தாலும், அமுங்கும் சதை அதில் ஒரு பகுதியை விழுங்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்

வாதம் எல்லாம் சரி. சில மி.மீ. தப்பினால் நிஜமாக எவ்வளவு பாதிப்பு? 1961-ல் லாரன்ஸ் வைன்பெர்க் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். நானும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூட ஜியாமெட்ரி போதும்.

ஒரு பொருளைத் தப்பான மையத்தில் சுழற்றினால், திரும்பும் கோணம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பொருள் மொத்தமும் கொஞ்சம் இடம் பெயர்ந்திருக்கும். எவ்வளவு? சிறிய கோணங்களுக்கு, மையத்தில் உள்ள பிழையைக் கோணத்தால் பெருக்கினால் போதும். கோணம் ரேடியனில்.

கடைவாய்ப் பகுதியில் 3 மி.மீ. கனத்துக்கு மெழுகு வைத்துக் கடி அளவு எடுத்ததாக வைத்துக்கொள்வோம். அந்தப் பல் அச்சிலிருந்து 75 மி.மீ. தள்ளி இருக்கிறது. மெழுகை எடுத்துவிட்டுப் பொம்மையை மூடும்போது திரும்பும் கோணம் 3-ஐ 75-ஆல் வகுத்தால் 0.04. அச்சின் இடத்தில் பிழை 5 மி.மீ. என்றால், பல் தப்பும் தூரம் 5 × 0.04 = 0.2 மி.மீ. வைன்பெர்க் சொன்னதும் ஏறக்குறைய இதே 0.2 தான்.

ஃபேஸ்போவே இல்லாமல் கண் மட்டத்தில் மாதிரியைப் பொருத்தி, அச்சு 25 மி.மீ. தப்பிவிட்டது என்று வைப்போம். 25 × 0.04 = 1 மி.மீ. கடைவாய்ப்பல்லின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 1 மி.மீ. பெரிய தூரம். ஆக, உத்தேசமான ஃபேஸ்போ ஒன்று பிழையை 1-லிருந்து 0.2-க்குக் கொண்டுவருகிறது. மெக்கல்லம் முறையில் பாடுபட்டு அச்சையே பிடித்தால் 0.2-லிருந்து பூஜ்யத்தை நோக்கிப் போகலாம். முதல் 0.8 மலிவு. கடைசி 0.2 ரொம்ப விலை.

இந்தக் கணக்கில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கடி அளவை எந்த உயரத்தில் எடுத்தார்களோ அதே உயரத்தில் பல்லைக் கட்டினால், பொம்மையை மேலும் மூடவோ திறக்கவோ வேண்டியதில்லை. கோணம் பூஜ்யம். அச்சு எவ்வளவு தப்பாக இருந்தாலும் மூடும் இடத்தில் பிழையும் பூஜ்யம். பக்கவாட்டு அசைவில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். மேஜையில் உயரத்தை மாற்றினால்தான் அச்சு கணக்குக் கேட்கும். அப்படிப் பார்த்தால், ஃபேஸ்போ வேண்டுமா வேண்டாமா என்று பொதுவாகக் கேட்பதே தப்பு. மேஜையில் உயரத்தை மாற்றப் போகிறீர்களா என்று கேட்க வேண்டும்.

பல் வேர் பிடித்து நிற்கும் வாய்க்கும் பல் செட் போட்ட வாய்க்கும் பதில் ஒன்றாக இருக்க முடியாது என்பதும் இதில் வந்துவிடுகிறது. இயற்கைப் பல் சோற்றில் ஒரு தலைமுடி கிடந்தாலே கண்டுபிடித்துவிடும். அதன்மேல் போடும் தொப்பிக்கு 0.2 மி.மீ. பெரிய விஷயம். ஈறில் உட்காரும் செட்டுக்கு அந்த 0.2-ஐ ஈறே விழுங்கிவிடலாம்.

காது வழியாகத் திரும்பி வந்த சராசரி

இப்போது அம்மாவின் காதுக்கு வரலாம். தோலில் புள்ளி வைத்து இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பது நேரம் எடுக்கும் வேலை. காதுத் துவாரம் இரண்டு பக்கமும் இயற்கையாகவே இருக்கும் துளை. அதில் மாட்டினால் வில் தானாக நிற்கும். அமெரிக்காவின் லூயிவில் நகரத்து விப் மிக்ஸ் நிறுவனம், 1960களில், நாத்தாலஜிக்காரரான அதே சார்லஸ் ஸ்டூவர்ட்டின் வடிவமைப்பில் எளிமையான ஆர்ட்டிகுலேட்டரையும் காதில் மாட்டும் ஃபேஸ்போவையும் கொண்டுவந்தது. இந்த வகைதான் பரவியது.

ஆனால் காதுத் துவாரம் அச்சு இல்லையே. அச்சு அதற்குச் சில மி.மீ. முன்னால் இருக்கிறது. அந்தத் தூரத்துக்கு என்ன செய்தார்கள்? கருவிக்குள்ளேயே ஒரு சராசரித் தூரத்தை வைத்துவிட்டார்கள். காது முனை மாட்டும் ஆணி, ஆர்ட்டிகுலேட்டரின் கீலுக்குச் சில மி.மீ. பின்னால் இருக்கும். எல்லோருக்கும் அதே தூரம்.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பான்வில்லின் நாலு அங்குலத்தை ஒழிக்க வந்த கருவி. நூறு வருடம் கழித்து அதன் வயிற்றுக்குள்ளேயே ஒரு ஹார்ட்கோட் எண்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பான்வில்லின் எண் தாடை முழுவதையும் தீர்மானித்தது. காது ஃபேஸ்போவின் எண் கடைசிச் சில மி.மீ.யை மட்டும் தீர்மானிக்கிறது. மீதி அளவு அந்த ஆளுடையது. தோலில் வைக்கும் உத்தேசப் புள்ளி எவ்வளவு நம்பகமானது என்று 1957-ல் ஷல்ஹார்ன் சோதித்தார். 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு உண்மையான அச்சு அந்தப் புள்ளியிலிருந்து 5 மி.மீ. வட்டத்துக்குள் இருந்தது. 1985-ல் காது ஃபேஸ்போவை வைத்து நடந்த ஓர் ஆய்வில் பாதிப் பேருக்குத்தான் அப்படி இருந்தது. முன்னதைப் பார்த்துத் திருப்திப்படலாம், பின்னதைப் பார்த்துப் பயப்படலாம். நான் மறுபடி பெருக்கிப் பார்த்தேன். 5-க்குப் பதில் 8 என்றாலும் மேலே போட்ட கணக்கில் விடை 0.32 மி.மீ.

அப்படியானால் அம்மாவுக்கு?

2005-ல் கனடாவின் மாண்ட்ரியலில் நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. பல்லே இல்லாத நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஃபேஸ்போ உட்பட எல்லா முறைப்படியும், மறு பாதிக்கு அதெல்லாம் இல்லாமல் எளிமையாகவும் பல் செட் செய்து கொடுத்தார்கள். போட்டுக்கொண்டவர்களின் திருப்தியில் வித்தியாசம் தெரியவில்லை. ஈறு விழுங்கிவிடும் என்று ஹனாவ் சொன்னதை நினைத்தால் இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இந்த முடிவு முழுப் பல் செட்டுக்குத்தான். சொந்தப் பல் இருக்கும் வாயில், கடியின் உயரத்தையே மாற்றி வாய் முழுக்கக் கட்டும் வேலைக்கு இதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இன்று வாயை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் திரையிலேயே ஆர்ட்டிகுலேட்டர் ஓடுகிறது. அங்கேயும் அதே கேள்விதான். ஸ்கேன் செய்த பல் வரிசைக்குத் தன் மண்டை எங்கே இருக்கிறது என்று தெரியாது. யாராவது அளந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மென்பொருள் ஒரு சராசரி இடத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கும். அந்த மாதிரி டிஃபால்ட் எண்களை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு பாடம் உண்டு. சராசரியை வைப்பது குற்றமில்லை. அது சராசரி என்பதையும், மீதி வரும் பிழையைக் கடைசியில் யார் சுமப்பார்கள் என்பதையும் மறந்துவிடுவதுதான் குற்றம். பால்க்வில்லின் 22-லிருந்து 30-ஐ விட்டுவிட்டு 26-ஐ மட்டும் எடுத்துப் போவது மாதிரி.

அம்மாவின் புது செட் வந்து நாலு மாதம் ஆகிறது. டப்பா காலியாக இருக்கிறது. போன வாரம் நிலக்கடலை மென்றுகொண்டிருந்தார். ஃபேஸ்போ, ஸ்னோ, ஹனாவ் என்று நான் மூன்று மாதம் சேர்த்த ஞானத்தை அவரிடம் கொஞ்சம் கொட்டினேன். காதில் மாட்டியதால்தான் இவ்வளவு நன்றாக வந்திருக்கிறதோ என்னவோ என்றேன்.

"அதெல்லாம் இல்ல சாமி. செட்டு குடுத்த பொறகு அந்தப் புள்ள அஞ்சு தரம் வரச் சொல்லி, கலர் காயிதத்தக் கடிக்க வெச்சுப் பாத்து, ஒரசி ஒரசிக் குடுத்துதே. அதுலதான் சரியாப் போச்சு."

அந்தக் கலர் காகிதம் எங்கே இடிக்கிறது என்று காட்டுவது. காட்டிய இடத்தை டாக்டர் ராவி விடுவார். என் தாளில் மிச்சம் நின்ற அந்த 0.2-ஐ அம்மா வாயிலேயே கடித்துக் காட்டி, கழித்துக்கொண்டு வந்திருக்கிறார்.